எக்ஸ்டென்டர் பெட்டிக்குப் பின்னால இரிந்த அந்தச் சின்ன சுவிட்ச்... உங்களுக்கும் இப்பிடி நடந்திரிக்கா?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு):

ஜிபிஐபி எக்ஸ்டென்டர் (மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில கேபிள் தூரத்த நீட்டுற பெட்டி) வச்சி வேலை செஞ்ச ஆக்கள் இஞ்ச ஆராவது இரிக்கீங்களா? இரிந்தா உங்கட கதையையும் கீழ எழுதுங்க, நான் என்ட கதைய முதல்ல சொல்லிடுறன், கொஞ்சம் நீளம், பிளேன்டீ ஒண்டு ஊத்திக்கொண்டு வந்து இரிங்க.

நான் ஒரு லெப்ல டெக்னீசியன். எந்த லெப் எண்டு கேக்காதீங்க, மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளதான். முந்தி ஒரு மாரிக்கு கீழ்த்தட்டுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி வந்திச்சி. ஸ்கோப்பு (அலையத் திரையில காட்டுற ஒசிலோஸ்கோப்), மீட்டரெல்லாம் உயரமான மேசையில இரிந்ததால தப்பிச்சிது, கம்ப்யூட்டர் நிலத்தில இரிந்ததால போயே போயிட்டு. அதுக்குப் பிறகு எங்கட சேர் முடிவெடுத்தாரு, இனிமே கம்ப்யூட்டர் கீழ இரிக்கப்படாது, எதிர்க் கட்டிடத்து மேல்மாடியில வைக்கணும் எண்டு. சரி சேர் எண்டு சொல்லியாச்சி. மறுகாதான் யோசிச்சம், ஜிபிஐபி கேபிள் அவ்வளவு தூரம் போகாதே!

தெரியாதாக்களுக்கு ரெண்டு வரி. இந்த ஜிபிஐபி 1960கள்ட கடைசியில எச்பி கொம்பனி தங்கட மீட்டருகள ஒண்டோடொண்டு பேச வைக்கச் செஞ்ச பஸ், அதாவது எல்லா மீட்டரும் சேந்து பாவிக்கிற ஒரே கம்பிப் பாதை, 1975ல ஐஈஈஈ 488 எண்டு ஸ்டாண்டர்ட் ஆச்சி. 24 பின் உள்ள தடிச்ச பிளக், ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி ஸ்க்ரூ முறுக்கலாம். ஒரு பஸ்ஸில 15 டிவைஸ், கேபிள் எல்லாம் சேத்து 20 மீட்டர், அதுக்கு மேல போகப்படாது. எங்களுக்குத் தேவை ஆகக் குறைஞ்சது 90 மீட்டர்.

அந்த நேரம்தான் சேருக்குத் தெரிஞ்ச ஆர் மூலமாவோ வெளிநாட்டில இரிந்து ரெண்டு பழைய ஃபைபர் எக்ஸ்டென்டர் பெட்டி வந்திச்சி. ஒண்டு கம்ப்யூட்டர் பக்கம், மத்தது மீட்டர் பக்கம், நடுவில ஃபைபர். புரோகிராமுக்கு இந்தப் பெட்டிகள் இரிக்கிறதே தெரியாது, அதுக்கு அட்ரஸ் ஒண்டும் இல்ல. கையேடு இல்ல. 110 வோல்ட் பெட்டி வேற, அதுக்கு ஒரு டிரான்ஸ்ஃபோமர் தேடி அலைஞ்சது தனிக் கதை, விடுங்க. கேபிளக் கொளுவினன், லைட் பத்திச்சி, மேல இரிந்து ஸ்கோப்ப "நீ ஆரு" எண்டு கேட்டன், அதுவும் ஒழுங்காப் பேர் சொல்லிச்சி. சந்தோசம் தாங்கேலாம சேருக்குப் போன் அடிச்சன்.

அங்கதான் பிழை விட்டன். பேர் சொன்னா எல்லாம் சரி எண்டு நினைச்சிட்டன்.

அதுக்குப் பிறகு இறுதி வருசப் புள்ள ஒண்டு புரொஜெக்டுக்கு வந்திச்சி. வாவித் தண்ணியில உப்பு எவ்வளவு எண்டு அல்ட்ராசவுண்ட் வேகத்த வச்சிப் பிடிக்கிற வேலை. 15 சென்ரிமீட்டர் நீளத் தொட்டி, ஒரு பக்கத்தால அலை போகுது, மத்தப் பக்கம் எத்தினை மைக்ரோசெக்கன்ல வருது எண்டு ஸ்கோப் பாக்குது. எங்கட லெப் சூட்டில நல்ல தண்ணிக்கு செக்கனுக்கு 1500 மீட்டர் கிட்ட வரணும், கடல் தண்ணியெண்டா 1540 கிட்டப் போகும். புள்ள முதல்ல எங்கட கிணத்துத் தண்ணிய வச்சிச் செக் பண்ணிச்சி. 1543!

சேர் பாத்திட்டுச் சிரிக்கிறாரு, "என்ன மகள், கல்லடிக் கடல்ல போயா அள்ளின" எண்டு. அது பாவம் முகம் சுருங்கிப் போச்சி. திரும்பக் கிணத்தில அள்ளிச்சி, குழாய்த் தண்ணி எடுத்திச்சி, கடையில போத்தல் தண்ணியும் வாங்கிச்சி, எல்லாம் கடல் தண்ணிதான். அதில ஒரு நாள் 1543, ஒரு நாள் 1528, அடுத்த நாள் திரும்ப 1540. தண்ணிட சூடு மாறுது எண்டு நினைச்சி ஐஸ் கட்டி போட்டம், தொட்டிய அளந்தம், கண்ணாடித் தடிப்பக் கழிச்சம், சென்சர ஒட்டின பசையச் சுரண்டி மாத்தினம். நாலு நாள் போச்சி. நானும் அந்தப் புள்ளட கையிலதான் பிழை எண்டு மனசுக்குள்ள நினைச்சிட்டன், அது இப்பவும் எனக்கு ஒரு மாதிரித்தான் கெடக்கு.

அஞ்சாம் நாள் வெள்ளாப்பில வந்து லெப்டொப்பக் கீழ கொண்டுபோய் ஸ்கோப்போட நேரா ஒரு மீட்டர் கேபிள்ல கொளுவினன். அதே தண்ணி, அதே தொட்டி, அதே புரோகிராம். 1500! மேல போய் எக்ஸ்டென்டரால எடுத்தா 1543. அப்பதான் மூளையில லைட் பத்திச்சி. தண்ணியில பிழையில்ல, புள்ளயிலயும் பிழையில்ல, பெட்டிதான்.

ஆனா பெட்டி எப்பிடிக் கணக்க மாத்தும்? வந்த பைட் எல்லாத்தையும் ஒண்டொண்டாத் திரையில போட்டுப் பாத்தன். ஸ்கோப் அனுப்பிறது 1000 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில 0.2 மைக்ரோசெக்கன். முன்னுக்கு ஒரு தலைப்பு வரும், #800001000 எண்டு. அதாவது "பின்னால 8 இலக்கம் வருது, அது சொல்ற அளவு டேட்டா வருது" எண்டு அர்த்தம், இது 1987ல வந்த 488.2ட முறை. எங்கட பழைய புரோகிராம் என்ன செய்யுதெண்டா, முதல்ல தலைப்பு 10 பைட்டை மட்டும் வாசிக்குது, நிப்பாட்டுது, எத்தினை எண்டு பாக்குது, மறுகா மிச்சத்த வாசிக்குது. நேரா கேபிள் எண்டா இதில ஒரு வில்லங்கமும் இல்ல. கேக்கிறவன் "எடுத்திட்டன்" எண்டு சொல்லுமட்டும் அனுப்புறவன் அடுத்த பைட்ட வெளியில விடமாட்டான், ஹேண்ட்ஷேக்கெண்டா அதுதான். 10 எடுத்து நிப்பாட்டினா 11வது ஸ்கோப்புக்குள்ளயே பத்திரமா இரிக்கும்.

பெட்டிக்குப் பின்னால ஒரு சின்ன டிப் சுவிட்ச் வரிசை. அதில ஒண்டு டேட்டா போற முறைக்கு, பஃபர்ட் (இடையில சேத்து வச்சி அனுப்பிறது) இல்லாட்டி அன்பஃபர்ட் (சேத்து வைக்காம நேரா விடுறது). எங்கட பெட்டி வந்தது பஃபர்ட்டில. அதில என்ன நடக்குதெண்டா, கீழ இரிக்கிற பெட்டி, மேல கம்ப்யூட்டர் கேட்டிச்சா இல்லையா எண்டெல்லாம் பாக்காம, ஸ்கோப்புக்கிட்ட தானே "எடுத்திட்டன் எடுத்திட்டன்" எண்டு சொல்லி பைட்டுகள வாங்கித் தன்ட வயித்துக்குள்ள போட்டுக்கொண்டே போகுது. மேல புரோகிராம் 10 பைட் போதும் எண்டு நிப்பாட்டி ஏடிஎன் லைன ("எல்லாரும் நிப்பாட்டி என்னக் கேளுங்க" எண்டு கம்ப்யூட்டர் சொல்ற கம்பி) இழுத்தோடன, அந்த நேரம் வழியில நிண்ட பைட் எல்லாம் போயிட்டு. ஸ்கோப் நினைக்குது குடுத்திட்டன் எண்டு, கம்ப்யூட்டர் நினைக்குது இன்னும் வரல்ல எண்டு. அண்டைக்குத் தொலைஞ்சது 14 பைட். 500வது புள்ளியில வரவேண்டிய அலை 486வதில வந்து நிக்குது, 100 மைக்ரோசெக்கன் 97.2 ஆகுது, 1500 மீட்டர் 1543 ஆகுது. எத்தினை தொலையும் எண்டது ஒரே அளவில்ல, அதாலதான் நாளுக்கொரு விடை. கிணத்துத் தண்ணி கடல் தண்ணியான ரகசியம் இதுதான் மக்காள்.

சுவிட்ச மாத்தினதும் லேசில முடியல்ல. அது நகம் போகாத இடத்தில இரிந்திச்சி, விளக்குமாத்தில ஒரு ஈர்க்கில முறிச்சி அதால தட்டினன். கீழ பெட்டிய மாத்தின சந்தோசத்தில மேல பெட்டிய மறந்திட்டன், ரெண்டும் ரெண்டு முறையில நிண்டு பஸ் அப்பிடியே உறைஞ்சி போச்சி. மழைக்குள்ள ஓடி மேல போய் மாத்தினன், அப்பவும் உறைஞ்சிதான் கெடக்கு. கரண்ட நிப்பாட்டித் திரும்பப் போட்டாத்தான் எங்கட பெட்டி சுவிட்ச வாசிக்கும் எண்டது அரை மணித்தியாலம் கழிச்சித்தான் விளங்கிச்சி.

அன்பஃபர்ட் ஸ்லோ எண்டு பயப்பிடுறாக்களுக்கு ஒரு கணக்கு. ஃபைபர்ல ஒரு மீட்டருக்கு 5 நானோசெக்கன் எண்டு வைங்க, 90 மீட்டருக்கு 450. ஒரு பைட்டுக்கு ஹேண்ட்ஷேக் ரெண்டு தரம் போய்வரணும், அப்ப 1.8 மைக்ரோசெக்கன். 1000 பைட்டுக்கு ரெண்டு மில்லிசெக்கனும் இல்ல! எங்கட ஸ்கோப் அலைய எடுத்து ஒழுங்குபடுத்தி அனுப்பவே அதவிட எத்தினையோ மடங்கு நேரம் எடுக்குது. இந்த ரெண்டு மில்லிசெக்கன மிச்சம் பிடிக்கத்தான் நாங்க நாலு நாள் ஐஸ்கட்டி போட்டம்.


களுவாஞ்சிக்குடியாள்:

அண்ணன் வாசிச்சி முடிய எனக்குச் சிரிப்பும் வருது கோவமும் வருது. சுவிட்சில பிழை சொல்றீங்க, உங்கட புரோகிராம்தான் முதல் குற்றவாளி. தலைப்பத் தனியா வாசிக்கிறது ஏன்? எல்லாத்தையும் ஒரே தரத்தில ஈஓஐ ("இதுதான் கடைசி" எண்டு சொல்ற சிக்னல்) வருமட்டும் வாசிச்சிட்டு, மறுகா மெமரியில வச்சித் தலைப்ப வெட்டி எடுங்க. ஈஓஐ கடைசி பைட்டோட ஒட்டித்தானே வரும், அது வரும்வரைக்கும் நடுவில நிப்பாட்டவே தேவையில்ல, நிப்பாட்டாட்டி பஃபர்ல ஒண்டும் தொலையாது. நான் முந்தி வேலை செஞ்ச இடத்தில பஃபர்ட்டிலதான் வருசக்கணக்கா ஓடினது, ஒரு பைட் போகல்ல.

இன்னொண்டு, எத்தினை பைட் வந்திச்சி எண்டு உங்கட புரோகிராம் எண்ணிப் பாக்கல்லையா? 1000 கேட்டு 986 வந்தா அங்கயே கத்தியிருக்கணுமே.


வாவிக்கரையான்:

தங்கச்சி நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா அந்தப் புரோகிராம் எழுதினவர் எங்கயோ போயிட்டாரு, பழைய பேசிக் மொழியில எழுதினது, நடுவில கோட்டூ கோட்டூ எண்டு சிலந்தி வலை மாதிரி. அதுக்குள்ள கைவைக்க சேர் விடமாட்டாரு. எண்ணிப் பாக்கல்ல, அதுவும் உண்மைதான். 1000 இடத்துக்கு முதலே பூச்சியத்த நிரப்பி வச்சிட்டு வாறத வாங்கிப் போடும், வராத இடம் பூச்சியமாவே இரிக்கும். ஒரு சத்தமும் போடாது.


கல்முனைக் காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். தம்பிட கதைய வாசிக்க எனக்கு கல்ஃப் ஞாபகம் வந்திட்டு. நான் 11 வருசம் அங்க ஒரு டெஸ்ட் லெப்ல இரிந்தவன், இப்ப ஊர்ல கடை போட்டுக்கிட்டு இரிக்கன், ரேடியோ செட்டு, யூபிஎஸ் எண்டு வாறதப் பாக்கிறது.

டேட்டா சுவிட்சுக்குப் பக்கத்திலயே இன்னொரு சுவிட்ச் இரிக்கும், அதப் பத்தி ஆரும் பேசமாட்டாங்க, பெரலல் போல் சுவிட்ச். கன்ட்ரோலர், அதாவது கம்ப்யூட்டர், ஒரே நேரத்தில எல்லா மீட்டருக்கிட்டயும் "வேலை முடிஞ்சிட்டா" எண்டு கேக்கும், எட்டுப் பேர் எட்டு லைன்ல ஒரே நேரம் கைய உசத்துவாங்க, அதுதான் பெரலல் போல். ஸ்டாண்டர்ட் என்ன செல்லுதெண்டா 200 நானோசெக்கனுக்குள்ள பதில் வரணும். இப்ப தம்பிட கணக்கையே எடுங்க, மீட்டருக்கு 5 நானோ, 200 நானோவுக்குள்ள போய்த் திரும்பி வரணுமெண்டா 20 மீட்டர்தான் போகேலும். எக்ஸ்டென்டர் எதுக்கு வாங்கிற? அதவிடத் தூரம் போகத்தானே! அப்ப நேரத்துக்குப் பதில் வரவே வராது.

அதுக்குத்தான் ரெண்டு முறை வச்சிரிக்கான். ஒண்டு இமீடியட், மெய்யாவே அங்க போய்க் கேட்டுக்கிட்டு வரும், ஆனா கன்ட்ரோலர் பொறுமையாக் காத்திரிக்கணும். மத்தது லாச்சுட், கேட்டோடன கையில இரிக்கிற பழைய பதிலக் குடுத்திட்டு, மறுகா போய்ப் புதுப் பதில வாங்கி அடுத்த தரத்துக்கு எடுத்து வைக்கும். விளங்கிச்சா? இப்ப கேட்டா போன தரத்து விடைதான் வரும்.

எங்கட லெப்ல ஒரு மலையாளி சூப்பவைசர் இரிந்தாரு, வயசான மனிசன். எந்த டெஸ்டையும் ரெண்டு தரம் அழுத்துவாரு. முதல் தரம் வாறத எழுதமாட்டாரு, ரெண்டாவதத்தான் புத்தகத்தில எழுதுவாரு. ஏன் சேட்டா எண்டு கேட்டா, "முதல் தரம் மெசின் கொட்டாவி விடும், ரெண்டாந்தரம்தான் முழிக்கும்" எண்டுவாரு. நாங்க புதுப் பொடியனுகள், அவருக்குப் பின்னால சிரிக்கிறது. அவர் லீவில கேரளா போன மாசம் நாங்க ஒரு தரம் மட்டும் அழுத்தினம், வேலை ரெண்டு மடங்கு வேகமாப் போகுதெண்டு பெருமை வேற. கிழமைக் கடைசியில பாத்தா, பிழையான சாமானுக்கு அடுத்து வந்த நல்ல சாமானெல்லாம் ஃபெயில், பிழையான சாமான் பாஸ்! ஒவ்வொண்டுக்கும் அதுக்கு முன்னால போனதுட விடை. ஒரு கிழமை வேலைய அப்பிடியே திரும்பச் செஞ்சம். பெட்டி லாச்சுட்ல இரிந்திரிக்கு, பத்து வருசத்துக்கு முதல் ஆரோ வச்சது.

சூப்பவைசர் வந்ததும் சொன்னம். சுவிட்ச மாத்துவமா எண்டு கேட்டம். "வேணாம், நான் ரெண்டு தரம் அழுத்திறன்" எண்டாரு. அவர்ர முறையும் சரிதான் தெரியுமா, லாச்சுட்ல வச்சா ரெண்டு தரம் கேட்டு ரெண்டாவத எடுக்கிறதுதான் முறையே. அந்த மனிசனுக்கு ஏனெண்டு தெரியா, ஆனா சரியாச் செஞ்சிக்கிட்டு இரிந்திரிக்காரு.


அக்கரைப்பற்றான்:

ஒரு கேள்வி, கோவிக்கப்படாது. இந்தக் காலத்தில இந்தப் பெட்டியோட ஏன் மாரடிக்கிறீங்க? லேன்ல கொளுவிற ஜிபிஐபி அடாப்டர் ஒண்ட ஸ்கோப்புக்குப் பக்கத்தில வச்சிட்டா, நெட்வேர்க் கேபிள் போதுமே.


வாவிக்கரையான்:

நியாயமான கேள்விதான். 2022ல அதுக்கு விலை கேட்டம், 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின அந்தக் காலத்தில. டொலர் விலையில அந்தக் கோட்டேசனப் பாத்திட்டு சேர் மடிச்சி லாச்சிக்குள்ள வச்சாரு, இன்னும் அங்கதான் கெடக்கு.

இன்னொரு காரணமும் இரிக்கி. ரெண்டு கட்டிடத்துக்கும் இடையில முந்தி செப்புக் கம்பி நெட்வேர்க் கேபிள் ஒண்டு இழுத்திரிந்தம். ஒரு ஐப்பசி மாசத்துப் பின்னேரம் இடி ஒண்டு விழுந்திச்சி பாருங்க, பக்கத்துத் தென்னையில, ரெண்டு பக்கத்து நெட்வேர்க் சுவிட்சும் ஒரே நேரத்தில செத்திச்சி, ஒண்டுட மூடியில கரி. ஃபைபர் எண்டா கண்ணாடி, அதால மின்னல் ஓடாது. ஸ்கோப் போனா எங்களுக்கு வேற ஸ்கோப் இல்ல. அதால ஃபைபர் எக்ஸ்டென்டர் பழசெண்டாலும் நான் அதத்தான் விரும்புவன்.


அக்கரைப்பற்றான்:

இடிக் கதை சரி, ஒத்துக்கிறன். எங்கட பக்கமும் சித்திரையில பின்னேர இடிக்கு ரவுட்டர் போகாத வீடு குறைவு.


கடக்கரையான் (கல்லடி):

வாவிக்கரை அண்ணன், சுவிட்ச மாத்தின பிறகு மீட்டர் வச்சிப் பாத்தீங்களா? சும்மா கேக்கல்ல. எங்கட இடம் கடலுக்குக் கிட்ட, ஜன்னலத் திறந்தா உப்புக்காத்து. எக்ஸ்டென்டர் இல்ல, ஜிபிஐபி அட்ரஸ் வைக்கிற டிப் சுவிட்ச்தான், ஆனா சாமான் ஒண்டுதான். கண்ணுக்கு ஒன் எண்டு நிக்குது, பவர் சப்ளை வேற அட்ரஸ்ல பேசுது. ரெண்டு நாள் புரோகிராமத்தான் ஏசிக்கொண்டிரிந்தன். மறுகா மூடியக் கழட்டி பின்ன ரெண்டு பக்கமும் தொட்டுப் பாத்தா ஓப்பின்! சுவிட்ச் போயிரிக்கி ஒன்னுக்கு, உள்ளுக்குத் தகடு தொடல்ல. பச்சைப் பூஞ்சு மாதிரி ஒரு படை.

கொன்டக்ட் கிளீனர் ஒரு பீச்சுப் பீச்சி, அங்க இஞ்ச ஒரு இருவது தரம் தட்டினன், சரியாயிட்டு. அதுக்குப் பிறகு நான் டிப் சுவிட்சக் கண்ணால நம்பிறதில்ல. வேறொரு பெட்டிய ஒருநாள் திறந்தா உள்ளுக்கு எறும்புக் கூடு, அதுவும் பின்னுக்குப் பின் மண்ணால வேலை செஞ்சி வச்சிரிக்கி, எங்கள விட நல்லா சோல்டர் பண்ணுதுகள்.

கரண்ட் வெட்டின காலத்துச் சங்கதி ஒண்டும் சொல்றன். யூபிஎஸ் தாங்காதெண்டு தேவையில்லாத மீட்டர் எல்லாத்தையும் ஓஃப் பண்ணி வச்சிட்டு ரெண்ட மட்டும் ஓட விடுறது, பஸ் விட்டு விட்டுக் குளறிச்சி. கொளுவியிரிக்கிற டிவைஸ்ல மூண்டில ரெண்டு பங்காவது ஒன்ல இரிக்கணும் எண்டு ஒரு விதி இரிக்கி, எனக்கு அது அப்ப தெரியா. ஓஃப் பண்ணினா பிளக்கையும் கழட்டிடுங்க.


வாவிக்கரையான்:

கடக்கரையான் தம்பி, நீங்க எழுதினத வாசிச்சிட்டு இண்டைக்கே மேல கீழ ரெண்டு பெட்டியையும் கழட்டி மீட்டர் வச்சன். கீழது சுத்தமா இரிக்கி. மேலதில பெரலல் போல் சுவிட்ச் தொடவே இல்ல! எங்கட புரோகிராம் பெரலல் போல் செய்யிறதில்ல, அதால பாதிப்பில்ல, ஆனாலும் கிளீன் பண்ணி விட்டன். காக்கா சொன்ன கதைய வாசிக்காட்டி அந்தச் சுவிட்ச் என்னத்துக்கெண்டே எனக்குத் தெரிஞ்சிருக்காது.

ஆனா இப்ப வேற ஒரு தலையிடி. அந்தப் புள்ள இந்த வில்லங்கம் தெரியிறதுக்கு முதலே வாவியில போய் எடுத்த தண்ணிக்கு 41 ரீடிங் எடுத்து வச்சிரிக்கி. முகத்துவாரத்தில இரிந்து மேல வாவிக்குள்ள போகப்போக ஒவ்வொரு இடத்திலயும், மழைக்கு முகத்துவாரம் வெட்டித் திறந்த கிழமையில எடுத்தது. அந்தத் தண்ணி இனிமே கிடைக்காது, கடல் தண்ணி உள்ள வந்து எல்லாம் மாறிட்டு. போத்தல்ல கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இரிக்கி, ஆனா தொட்டிக்குப் போதாது. சேர் "தூக்கிப் போடுங்க, புதுசா எடுப்பம்" எண்டாரு. புள்ள ஒண்டும் பேசாம இரிக்கி.


களுவாஞ்சிக்குடியாள்:

தூக்கிப் போடாதீங்க! நீங்களே மேல எழுதினீங்க, வராத இடம் பூச்சியமா இரிக்கும் எண்டு. அப்ப ஒவ்வொரு ஃபைல்டயும் கடைசியில எத்தினை பூச்சியம் இரிக்கெண்டு எண்ணுங்க, அத்தினை பைட்தானே தொலைஞ்சது. அவ்வளவத்தையும் முன்னால தள்ளிட்டா அலை பழைய இடத்துக்கு வந்திடும். ஸ்கோப் பைட்ல நடுக்கோடு 128 கிட்டத்தானே, மெய்யான அலையில பூச்சியம் வராது, அலை திரைக்கு அடியில வெட்டுப்பட்டா மட்டும்தான் வரும்.


வாவிக்கரையான்:

தங்கச்சி!!! இரிங்க, பாக்கிறன்.


வாவிக்கரையான்:

பாத்தன். நான் 14 தொலைஞ்சதெண்டு கையால எண்ணி வச்ச ஃபைல்ல கடைசியில 13 பூச்சியம்தான் இரிக்கி. ஒண்டு இடிக்குது. ஒரு புள்ளி பிழைச்சா செக்கனுக்கு 3 மீட்டர் பிழைக்கும், விட ஏலாது.


களுவாஞ்சிக்குடியாள்:

பூச்சியத்துக்கு முன்னால நிக்கிற இலக்கம் 10ஆ?


வாவிக்கரையான்:

ஓம் 10.


களுவாஞ்சிக்குடியாள்:

அது டேட்டா இல்ல அண்ணன், வரி முடியிற எழுத்து. ஸ்கோப் 1000 புள்ளி அனுப்பிட்டுக் கடைசியில அத ஈஓஐயோட அனுப்பும். உங்கட புரோகிராம் அதையும் ஒரு புள்ளியா நினைச்சிப் போட்டிரிக்கி. 986 புள்ளி, அந்தப் பத்து, 13 பூச்சியம், கூட்டிப் பாருங்க 1000. அப்ப பூச்சியத்தோட ஒண்டக் கூட்டினா தொலைஞ்ச கணக்கு.


கல்முனைக் காக்கா:

மாஷா அல்லாஹ். இந்தத் தங்கச்சிய எங்கட கடைக்கு ஒரு நாள் கூட்டிக்கிட்டு வாங்க, மூண்டு மாசமா ஒரு யூபிஎஸ் என்னப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இரிக்கி.


வாவிக்கரையான்:

ரெண்டு நாள் கழிச்சி எழுதுறன். நானும் புள்ளயும் இரிந்து 41 ஃபைலையும் ஒண்டொண்டாத் திறந்தம். முதல்ல கிணத்துத் தண்ணி ஃபைல்கள வச்சிப் பாத்தம், பூச்சியத்த எண்ணி ஒண்டக் கூட்டித் தள்ளினா எல்லாம் 1499, 1500, 1502 எண்டு வந்து குந்திச்சி. அதுக்குப் பிறகுதான் வாவித் தண்ணியில கைவச்சம். 38 சரியா வந்திரிக்கி, முகத்துவாரத்தில கூட, உள்ளுக்குப் போகப்போகக் குறையிது, நடுவில ஒரு இடத்தில மட்டும் திடீரெண்டு ஏறி இறங்குது, அது என்னெண்டு புள்ள யோசிச்சிக்கொண்டிரிக்கி. மத்த மூண்டிலயும் அலை அடியில வெட்டுப்பட்டு மெய்யான பூச்சியமும் கலந்திரிக்கி, அத நம்பேலாது எண்டு அதுவே எடுத்து வச்சிட்டு, நான் ஒண்டும் சொல்லல்ல.

சேர் கிராஃபப் பாத்தாரு. ஒண்டும் பேசல்ல, "சின்னத் தொட்டி ஒண்டு செய்யேலாதா, போத்தல்ல இரிக்கிறது போதுமான மாதிரி" எண்டு கேட்டாரு. கண்ணாடிக் கடைக்குப் போறன், நாலு சென்ரிமீட்டர் அகலத்துக்கு வெட்டித் தருவாங்களாம்.